காக்கிச்சட்டையும் மின்கம்பமும்

சென்ற மாரிகாலத்தில் ஒருநாள் இரவு, நாங்கள் வேலைசெய்யும் லண்டன் உணவகத்தின் பின்கதவை உடைத்துக்கொண்டு யாரோ உள்ளே புகுந்திருந்தார்கள். காசு லாச்சியில் கிடந்த சில்லறை, அடுத்தநாள் மரக்கறி வாங்கவென்று எடுத்துவைத்த தாள்கள், கோப்பை கழுவும் தம்பி உடுப்பு மாற்றுகிற இடத்தில் மறந்துவிட்டுப்போன கைத்தொலைபேசி எல்லாம் போய்விட்டன. காலையில் குசினிக்குள் ஐந்துபேர் நின்றோம்.

'பொலிசுக்கு அடிப்பமோ?' என்று கேட்டவர் எங்களில் ஆக இளையவர்.

ஒருவருடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. இன்னொருவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. அவர்கள் தயங்கியதில் வியப்பில்லை. ஆனால் பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் அண்ணையும் வேண்டாம் என்றுதான் சொன்னார். 'அவங்களைக் கூப்பிட்டா கள்ளனை விட்டிட்டு எங்களைத்தான் விசாரிப்பாங்கள். எங்கட ஆக்களிட்டைச் சொல்லுவம். அவங்கள் பாத்துக்கொள்ளுவாங்கள்.'

'எங்கட ஆக்கள்' யார், எதைப் 'பாத்துக்கொள்ளுவார்கள்' என்று எவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் விளங்கியிருந்தது. அந்த விளக்கம் எங்கிருந்து எங்களுக்கு வந்தது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. அது ஒருநாள் இரவில் வந்ததல்ல. அதற்கு ஏறக்குறைய இருநூறு வருட வரலாறு இருக்கிறது.

1. ஒரு தகப்பனின் இரண்டு பிள்ளைகள்

நவீன பொலிசின் தகப்பன் என்று றொபேட் பீலைச் சொல்வார்கள். அவருக்கு ஒன்றல்ல, இரண்டு பிள்ளைகள். மூத்தது அயர்லாந்தில் பிறந்தது. 1812 முதல் 1818 வரை அங்கே தலைமைச் செயலாளராக இருந்த பீல், 1814 இல் அமைதிகாப்புப் படையொன்றை உருவாக்கினார். 1822 இல் அயர்லாந்து முழுவதற்குமான பொலிஸ் சட்டம் வந்தது. 1836 இல் அப்படை ஒரே தலைமையின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. துப்பாக்கி ஏந்தியது, முகாம்களில் தங்கியது. பொலிஸ்காரனைச் சொந்த மாவட்டத்தில் வேலைக்கு விடுவதில்லை. சனத்தோடு அவன் நெருங்கிவிடக்கூடாது என்பதே விதி.

இளையது 1829 இல் லண்டனில் பிறந்தது. நீலச் சட்டை, கையில் ஒரு தடி, பொதுவாகத் துப்பாக்கி இல்லை. குற்றம் நடந்தபின் பிடிப்பதைவிட நடக்காமல் தடுப்பதே தலையாய கடமை என்று அதன் முதலாவது அறிவுறுத்தல்கள் கூறின. பீலின் பெயரால் இன்று பொலிஸ் கல்லூரிகளில் படிப்பிக்கும் ஒன்பது கோட்பாடுகளை அவர் எழுதவில்லை. அவை இருபதாம் நூற்றாண்டில் சார்ல்ஸ் றீத் என்ற வரலாற்றாசிரியர் வரிசைப்படுத்தியவை. ஆனாலும் இரண்டு பிள்ளைகளுக்கும் இடையிலிருந்த வேற்றுமை உண்மையானது.

லண்டன் மக்கள் இந்த நீலச்சட்டைக்காரரை மாலை போட்டு வரவேற்றார்கள் என்று நினைத்துவிடக்கூடாது. 1833 மே மாதம் கோல்ட் பாத் பீல்ட்ஸ் என்ற இடத்தில் தொழிலாளர் கூட்டமொன்றைப் பொலிஸ் அடித்துக் கலைத்தது. அந்தக் கைகலப்பில் றொபேட் கலி என்ற பொலிஸ்காரர் குத்திக் கொல்லப்பட்டார். மரணவிசாரணையில் அமர்ந்த யூரிகள் அந்த ஊர்ச் சாதாரண வியாபாரிகள். பொலிசின் நடத்தையைக் கண்டித்த அவர்கள், இது நியாயப்படுத்தக்கூடிய கொலை என்று தீர்ப்பளித்தார்கள். ஊர் அவர்களைக் கொண்டாடியது. அத்தீர்ப்புப் பின்னர் ரத்தாகியது. அதே வருடம், வில்லியம் பொப்பே என்ற பொலிஸ் சாஜன்ட் ஏழை ஓவியனாக வேடம்போட்டுத் தொழிலாளர் சங்கமொன்றுக்குள் புகுந்து உளவு பார்த்தது அம்பலமாகியது. பாராளுமன்றக் குழுவொன்று விசாரித்தது. சாஜன்ட் வேலையிழந்தார்.

இவ்விரண்டு சம்பவங்களையும் நாம் கவனிக்க வேண்டும். லண்டன் பொலிஸ் நல்லவர்களால் ஆனது என்பதல்ல இங்குள்ள செய்தி. அதன்மீது முறையிட ஓர் இடம் இருந்தது. பேக்கரிக்காரனும் கடைக்காரனும் உட்கார்ந்து பொலிசைப் பிழை என்று சொல்லக்கூடிய ஒரு மேசை இருந்தது. அயர்லாந்துப் பிள்ளைக்கு அப்படியொரு மேசை இருக்கவில்லை.

கடல் கடந்து குடியேற்ற நாடுகளுக்குப் போனது இளைய பிள்ளையல்ல, மூத்தது.

2. இலங்கைக்கு வந்தது

1864 மார்ச்சில், உத்துவன்கந்தைச் சரதியேலைப் பிடிக்கப்போன இடத்தில் சபான் என்ற மலாய்ப் பொலிஸ்காரர் சுடப்பட்டு இறந்தார். இலங்கைப் பொலிஸ் தன் முதலாவது தியாகியாக அவரையே இன்றுவரை நினைவுகூருகிறது. அதே மே மாதம் சரதியேல் கண்டியில் தூக்கிலிடப்பட்டான். பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன் என்று சிங்களக் கிராமங்கள் அவனைக் கதையாக்கி வைத்திருக்கின்றன. பொலிஸ் ஒருவரை நினைவில் வைத்தது, சனம் மற்றவனை நினைவில் வைத்தது. பின்னர் வந்த எல்லாவற்றுக்கும் இது நல்ல முன்னுரை.

மறுவருடம் 1865ம் ஆண்டின் 16ம் இலக்கப் பொலிஸ் கட்டளைச்சட்டம் பிறந்தது. 1866 செப்டெம்பர் 3ந் திகதி, பம்பாய் மாகாணத்தில் பொலிஸ் அதிகாரியாக இருந்த காம்பெல் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அந்தச் சட்டம் பொலிசாரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. குற்றங்களைத் தடுத்தல் முதலில் வருகிறது. பொது அமைதியைப் பாதிக்கும் தகவல்களைச் சேகரித்து மேலிடத்துக்கு அறிவித்தலும் அதே பட்டியலில் இருக்கிறது. ஒன்று சனத்துக்காகச் செய்யும் வேலை. மற்றது சனத்தைப் பற்றிச் செய்யும் வேலை. எந்த ஆட்சியில் எது மேலோங்கியது என்பதே மிகுதிக் கதை.

1913 முதல் 1937 வரை பொலிஸ்மா அதிபராக இருந்த ஹேர்பேட் டௌபிகின் காலத்தில் பொலிஸ் நிலையங்கள் நாடெங்கும் பெருகின. 1915 கலவரத்தையொட்டி இராணுவச் சட்டம் பிரகடனமானபோது சிங்களவர் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1930 இல் பலஸ்தீனப் பொலிசை எப்படிச் சீரமைப்பது என்று ஆலோசனை சொல்ல டௌபிகினைத்தான் பிரித்தானியா அனுப்பியது. இலங்கை அவ்வளவு நல்ல பாடசாலையாகக் கருதப்பட்டது.

யாழ்ப்பாணக் கிராமத்தில் நெடுங்காலமாகப் பொலிஸ் தூரத்துச் சொந்தம். பக்கத்துச் சொந்தம் விதானையார். மணியகாரர், உடையார், விதானையார் என்ற அடுக்கில் கடைசியில் இருந்த அவருக்குச் சட்டமே சமாதான உத்தியோகத்தர் என்ற அதிகாரத்தைக் கொடுத்திருந்தது. மாடு களவுபோனாலும், வேலிச்சண்டையில் மண்டை உடைந்தாலும் முதலில் அவரிடம்தான் போவார்கள். 1963 இல் இம்முறை ஒழிந்து கிராமசேவகர் வந்தார். 'விதானையார் காலத்திலை எல்லாம் ஒழுங்காய் இருந்தது' என்று சொல்லும் முதியவர்கள் இன்றும் உண்டு. யாருக்கு ஒழுங்காக இருந்தது என்று கேட்கவேண்டும். விதானையார் பெரும்பாலும் ஆதிக்கசாதியைச் சேர்ந்தவர். கிணற்றில் தண்ணீர் அள்ளியதற்காக அடிவாங்கியவன், அடித்தவனின் மைத்துனரிடம் போய் எப்படி முறையிடுவான்? 1957ம் ஆண்டின் 21ம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தபின் தாழ்த்தப்பட்ட மக்களுக்குப் பொலிஸ் நிலையம் ஒரு கதவாக இருந்திருக்கலாம். ஆனால் 1966 ஒக்டோபர் 21 இல் தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தை அடித்தது அதே பொலிஸ்தான். ஆகவே 'எங்கட ஆள்' என்பதாலேயே ஒருவரிடம் நீதி கிடைக்கும் என்ற எண்ணம் எங்கள் மண்ணிலேயே பொய்த்துப் போயிருந்தது. நாம் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை.

3. கையொப்பம்

1947 இல் றிச்சட் அலுவிகாரை முதலாவது இலங்கையராகப் பொலிஸ்மா அதிபர் ஆனார். படையாக இருந்ததைச் சேவையாக மாற்றவேண்டுமென்று அவர் முயன்றதாகச் சொல்வார்கள். ஒன்பது வருடங்களில் தனிச்சிங்களச் சட்டம் வந்துவிட்டது. அதன்பின் தமிழன் பொலிஸ் நிலையத்தில் சொன்னது ஒரு மொழியில், எழுதப்பட்டது இன்னொரு மொழியில். வாசிக்கத் தெரியாத தாளில் கையொப்பம் வைத்துவிட்டு வீட்டுக்கு வரும் பழக்கம் இப்படித்தான் தொடங்கியது.

1961 பெப்ரவரியில் யாழ் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள்மீது தடியடி. 1974 ஜனவரி 10ந் திகதி நான்காவது தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாள். பொலிஸ் கூட்டத்தைக் கலைக்கப் புகுந்ததில் மின்கம்பி அறுந்து உயிர்கள் போயின. ஓய்வுபெற்ற நீதியரசர் டீ கிறெட்சர் தலைமையில் பிரமுகர்கள் தாமே ஒரு விசாரணைக்குழு அமைத்துப் பொலிசையே குற்றம் கண்டார்கள். அரசு அமைக்காததால் சனம் தானே செய்துகொண்ட மேசை அது. ஆனால் அந்தத் தீர்ப்பை நிறைவேற்ற யாரும் இருக்கவில்லை.

இனிச் சட்டத்தில் நடந்த ஒரு மாற்றம். குண்டுகளைவிட இது எங்களைக் கூடுதலாகப் பாதித்தது. 1895ம் ஆண்டின் 14ம் இலக்கச் சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 25ம் பிரிவு, பொலிஸ் அதிகாரிக்குக் கொடுத்த குற்ற ஒப்புதல் எதையும் எதிரிக்கு எதிராக நீதிமன்றில் நிரூபிக்க முடியாது என்கிறது. இந்தியாவின் 1872ம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி வெள்ளைக்காரன் எழுதியது. தன் பொலிஸ் அடித்து வாக்குமூலம் வாங்கும் என்பது அவனுக்கே தெரிந்திருந்தது. நம்பாமையைச் சட்டமாக்கி வைத்தான். 1979ம் ஆண்டின் 48ம் இலக்கப் பயங்கரவாதத் தடைச்சட்டம் இதைத் தலைகீழாக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலோ மேலோ உள்ளவருக்குக் கொடுத்த ஒப்புதல் செல்லும். அது வற்புறுத்தி வாங்கப்பட்டது என்று நிரூபிக்கும் பாரம் அடிவாங்கியவன் தலையில். பதினெட்டு மாதம்வரை வழக்கின்றித் தடுத்துவைக்கலாம் என்றும் அச்சட்டம் கூறியது. 2022 இல்தான் அது பன்னிரண்டு மாதமாகக் குறைந்தது.

சிங்களத்தில் எழுதப்பட்ட தாளொன்றில் பெருவிரல் அடையாளம் வைத்த ஒரு தமிழர், அந்த ஒப்புதலை வைத்தே 1995 இல் ஐம்பது வருடச் சிறைத்தண்டனை பெற்றார். பின்னர் அது முப்பத்தைந்தாகக் குறைக்கப்பட்டது. ஒப்புதல் வற்புறுத்தப்பட்டது என்று எதிரியே நிரூபிக்க வேண்டுமென்பது நியாயமான விசாரணைக்கு மாறானது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004 இல் கூறியது. 2006 இல் இலங்கை உச்சநீதிமன்றம் அதற்குச் செவிசாய்க்க மறுத்தது.

1981 மே 31 இல் யாழ்ப்பாணத்தில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் கூட்டமொன்றில் பொலிசார் சுடப்பட்டபின் பொலிஸ் நகரைக் கொளுத்தியது. ஜூன் 1 இரவு நூலகம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்கள். பொதுவாக நாம் இதைப் பண்பாட்டு அழிப்பு என்று பேசுகிறோம். சரிதான். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வீடு பற்றி எரிகிறது என்றால் யாரிடம் ஓடுவோமோ அவர்களே கொளுத்துகிறார்கள். அன்றிரவோடு யாழ்ப்பாணத்தில் பொலிஸ் என்ற சொல்லின் அகராதிப் பொருள் செத்தது. 1984 நவம்பரில் சாவகச்சேரிப் பொலிஸ் நிலையமும், 1985 ஏப்ரலில் யாழ்ப்பாணப் பொலிஸ் நிலையமும் தாக்கப்பட்டபோது ஊர் அழவில்லை.

4. மின்கம்பம்

பொலிஸ் போனபின் களவு போகவில்லை. அதைப் பார்த்துக்கொள்ள இயக்கங்கள் வந்தன. எண்பதுகளில் விடிகாலையில் மின்கம்பத்தில் கட்டிய உடலும், கழுத்தில் மட்டையும், அதில் 'சமூக விரோதி' என்ற எழுத்தும். கோழிக்கள்ளன், கசிப்புக் காய்ச்சியவன், காட்டிக்கொடுத்தவன் என்று சந்தேகிக்கப்பட்டவன் என எல்லோருக்கும் ஒரே கம்பம். எங்களில் பலர் அப்போது பிறந்திருக்கவில்லை. ஆனால் அந்தக் காட்சியை எங்களுக்குச் சொன்னவர்களின் குரலில் பல வேளைகளில் ஒரு திருப்தி இருந்தது. 'அப்ப களவே இல்லைத் தம்பி. கதவைத் திறந்துபோட்டுப் படுத்தனாங்கள்.'

கதவு திறந்திருந்தது உண்மையாக இருக்கலாம். வாய் மூடியிருந்ததும் உண்மை. கட்டப்பட்டவனின் தாய் யாரிடம் போய், 'என்ரை பிள்ளை எடுக்கேல்லை' என்று சொன்னாள்?

1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிசார் புலிகளால் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சிங்களவரும் முஸ்லிம்களும் இருந்தார்கள். அதே வருடம் ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வெளியேற இரண்டு மணித்தியாலம் கொடுக்கப்பட்டது. அவர்களுடைய வீட்டையும் நகையையும் பற்றிய முறைப்பாட்டை எந்தக் காவல் நிலையம் பதிந்தது?

1991 இல் தமிழீழக் காவல்துறை தொடங்கியது. முன்னர் இலங்கைப் பொலிசில் வேலைசெய்த நடேசன் அதன் பொறுப்பாளர். நீதிமன்றங்களும் வந்தன. எங்கள் மொழியில் முறைப்பாடு எழுதப்பட்டது. பெண்கள் இரவில் தெருவில் நடந்தார்கள். இதை மறுப்பது நேர்மையல்ல. இலஞ்சம் குறைவு, ஒழுங்கு இருந்தது, அதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் புலனாய்வுத்துறை கூட்டிப்போனவனைப் பற்றி அதே காவல் நிலையத்தில் போய்க் கேட்க முடியுமா? கேட்டவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது? சாதாரண களவுக்கு நீதிமன்றம் இருந்தது. அதிகாரத்தின் களவுக்கு இருக்கவில்லை. 2009 மே மாதத்தோடு அந்த அமைப்பும் முடிந்தது.

அச்சமும் நம்பிக்கையும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் தெரு அமைதியாக இருக்கும், களவு குறையும். நாம் அச்சத்தை நம்பிக்கை என்று எண்ணிக்கொண்டோம். சுயவிமர்சனம் என்று ஒன்று உண்டென்றால் அது இங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

5. மூத்த பிள்ளையின் பேரன்

பீலின் மூத்த பிள்ளை 1922 இல் கலைக்கப்பட்டது. வட அயர்லாந்தில் அதன் வாரிசாக அரச அல்ஸ்டர் பொலிஸ் வந்தது. மக்களில் நாற்பது வீதத்துக்கு மேல் கத்தோலிக்கர். தொண்ணூறுகளின் இறுதியில் பொலிசில் அவர்கள் ஏறக்குறைய எட்டு வீதம். கத்தோலிக்கச் சேரிகள் அந்தப் பொலிசைக் கூப்பிடவில்லை. கார் திருடிய பையனை ஐ.ஆர்.ஏ. முழங்காலில் சுட்டது. புரட்டஸ்தாந்து ஆயுதக்குழுக்களும் தங்கள் பகுதிகளில் அதையே செய்தன. வாசிக்கும்போது எங்கள் மின்கம்பம் நினைவுக்கு வராமல் இராது.

1998 ஏப்ரல் ஒப்பந்தத்தின்படி கிறிஸ் பற்றன் தலைமையில் ஓர் ஆணைக்குழு அமைந்தது. 1999 செப்டெம்பரில் 175 பரிந்துரைகள். பெயர் மாறியது, சின்னம் மாறியது. 2001 முதல் பத்து வருடத்துக்குப் புதிதாகச் சேர்ப்பவர்களில் பாதிப்பேர் கத்தோலிக்கர் என்ற விதி வந்தது. 2011 இல் அவர்கள் ஏறக்குறைய முப்பது வீதமானார்கள். இவற்றைவிட முக்கியமானது, பொலிசுக்கு வெளியே பொலிசை விசாரிக்கவென 2000 இல் திறந்த குறைகேள் அதிகாரியின் அலுவலகம். முதல் அதிகாரி நூலா ஓ'லோன். 29 பேரைக் கொன்ற 1998 ஓமா குண்டுவெடிப்பைப் பொலிஸ் விசாரித்த விதத்தை அவர் 2001 இல் கடுமையாகக் கண்டித்தார். பொலிஸ் தலைமை கொதித்தது, அலுவலகம் மூடப்படவில்லை. 2007 ஜனவரியில் சின் பெய்ன் கட்சி, அந்தப் பொலிசை ஏற்பதென்று முடிவெடுத்தது. ஆயுதக் குழுக்களின் தண்டனைகள் முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஆனால் முறையிட ஓர் இடம் உண்டு.

இலங்கையில் 1987 இன் 13வது திருத்தம் மாகாணங்களுக்குப் பொலிஸ் அதிகாரத்தை எழுத்தில் கொடுத்தது, நடைமுறையில் கொடுக்கவில்லை. 2015 மேயில் புங்குடுதீவில் ஒரு பாடசாலை மாணவி கொல்லப்பட்டாள். பிரதான சந்தேகநபரை ஊரார் பிடித்துக் கட்டிவைத்தும் அவர் கொழும்புக்குத் தப்பினார். அதற்கு உதவினார் என்று ஓர் உயர் பொலிஸ் அதிகாரி 2017 இல் கைதானார். 2016 ஒக்டோபரில் கொக்குவிலில் மோட்டார் சைக்கிளில் போன இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் உயிரிழந்தார்கள். முதலில் விபத்து என்றார்கள். பிறகு சுட்டது பொலிஸ் என்று தெரியவந்து ஐந்து பொலிசார் கைதானார்கள். இந்தப் பொலிசிடம் வாள்வெட்டைத் தடுக்கத் தகவல் கொடுங்கள் என்று சனத்தைக் கேட்டால் யார் கொடுப்பார்? குற்றத்தைத் தடுப்பது துப்பாக்கியல்ல, ஊர் சொல்லும் தகவல். நம்பிக்கை இல்லாத இடத்தில் தகவல் சொல்பவன் சாட்சியல்ல, காட்டிக்கொடுப்பவன்.

இளைய பிள்ளையும் புனிதனல்ல. 1993 ஏப்ரலில் ஸ்டீபன் லோறன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் லண்டனில் கொல்லப்பட்டபோது அது எப்படி நடந்துகொண்டது என்பதை 1999 இல் மக்பேர்சன் அறிக்கை சொன்னது. நிறுவனமயப்பட்ட இனவாதம் என்று பெயரிட்டது. 2023 மார்ச்சில் லூயிஸ் கேசியின் அறிக்கையும் அதையே திரும்பச் சொன்னது. ஆகவே எங்கள் அண்ணையின் பயத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்த அறிக்கைகள் வெளிவந்தன. லோறன்சின் தாயும் தகப்பனும் ஆறுவருடம் சளைக்காமல் கதவைத் தட்டியதால் முதலாவது வந்தது. தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது.

6. மீண்டும் குசினி

நாங்கள் பொலிசைக் கூப்பிடவில்லை. 'எங்கட ஆக்கள்' வந்தார்கள். மூன்றுபேர். தேத்தண்ணி குடித்தார்கள், கதவைப் பார்த்தார்கள், இரண்டொரு கேள்வி கேட்டார்கள். எங்களோடு முன்பு வேலைசெய்து சம்பளத் தகராறில் நின்றுபோன ஒரு பொடியனின் பெயரை எங்களில் ஒருவர் சொன்னார். சந்தேகம் என்றுகூடச் சொல்லவில்லை, பேச்சுவாக்கில் வந்த பெயர்.

இரண்டுநாள் கழித்து அவனுடைய முகத்தைப் பேருந்துத் தரிப்பிடத்தில் கண்டோம். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கைத்தொலைபேசி அவனிடம் இருக்கவில்லை. அவனிடம் எதுவுமே இருக்கவில்லை, விசாவும் உட்பட. எங்களைக் கண்டதும் மற்றப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவன் பொலிசுக்குப் போகமாட்டான், போனால் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். எங்களிடம் வரமாட்டான், பெயர் சொன்னவர்கள் நாங்கள். சங்கத்திடமோ கோயிலிடமோ போகமாட்டான், அங்கே இருப்பவர்களுக்கும் அந்த மூன்றுபேரைத் தெரியும். அன்றைக்கு அந்தத் தரிப்பிடத்தில் நாங்கள் கண்டது, எங்கள் தாய்மார் எங்களுக்குத் திருப்தியோடு சொன்ன அதே கம்பம். இம்முறை உடல் கட்டப்படவில்லை, அவ்வளவுதான்.

காக்கியோ, நீலமோ, வரியோ, சட்டையின் நிறத்தைப் பார்த்து இவன் எங்களுடையவனா என்று கேட்டே நாம் இவ்வளவு காலமும் ஏமாந்திருக்கிறோம். கேட்கவேண்டியது வேறு. அடிக்க அதிகாரம் உள்ளவன் பிழையாக அடித்தால், அடிவாங்கியவன் பயமில்லாமல் போய்ச் சொல்ல ஓர் இடம் இருக்கிறதா? அரசிடமும் இதைக் கேட்போம். இயக்கத்தின் வரலாற்றிடமும் கேட்போம். எங்களிடமும் கேட்போம்.

குசினியில் இப்போது பின்கதவுக்குப் புதுப் பூட்டு. அந்தப் பொடியனிடம் போய் மன்னிப்புக் கேட்பதா என்று இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறோம். கேட்கத்தான் வேண்டும். ஐந்துபேரும் போகவேண்டும்.